நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

கண் தெரியாதவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது பெரிய புண்ணியம் என்று கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இரண்டரை வருஷம் வாசித்தேன். புண்ணியம் கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

அவர் பெரிய நாவலாசிரியர். சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நாவல்களால் பேர் வாங்கியவர்தான், ஆனால் எங்கள் மாவட்டத்தில் பேனா பிடித்தவர்கள் பயந்தது அவருடைய விமர்சனக் கட்டுரைகளுக்கு. நாவலில் ஒரு ஆட்டுக்குட்டி செத்தால்கூட மூன்று பக்கம் உருகுவார். கட்டுரையில் ஆளையே முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காரர் கவிதைப் புத்தகம் போட்டார். ஐயா அதைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். அதற்கப்புறம் அந்த மனுஷன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அடுத்தவரை வைத்துத்தான் எழுதினாராம்.

2009-இல் சர்க்கரை ஐயாவின் கண்ணைத் தின்றுவிட்டது. எதிரில் ஆள் இருப்பது தெரியும், எழுத்து தெரியாது. நான் அப்போது ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழைத் தப்பில்லாமல் வாசிக்கிற ஆள் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னை அனுப்பினார். வாரத்தில் மூன்று நாள், கடலூரிலிருந்து ஒன்பது மணி பஸ். பத்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை வாசிப்பேன். புத்தகம் முடிந்ததும் ஐயா கட்டுரையை வாயாலேயே சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து கடையில் அடித்துவிடுவேன்.

மேற்கோள் வந்தால் மட்டும் கையை நீட்டி நிறுத்துவார்.

"எத்தனாம் பக்கம்?"

நான் பக்க எண்ணைச் சொன்னால்தான் அடுத்த வாக்கியம் வரும். "பக்கம் சொல்லாம மேற்கோள் குடுக்கறவன் சாட்சி இல்லாம கேஸ் போடறவன்மா" என்பார். நாற்பது வருஷத்தில் அவர் கொடுத்த மேற்கோளில் ஒரு எழுத்து மாறியதில்லை என்று பேர். அவருக்கு ஆகாதவர்கள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்துத் தோற்றும் போயிருக்கிறார்கள். அந்தப் பேர் இனிமேல் என் நாக்கில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரரும் எழுதுகிறவர். கடலூருக்குப் பக்கத்தில் கடலோர ஊர், மீன்பிடிக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் படித்து அரசாங்க வேலைக்கு வந்தது அவர்தான். அண்ணன் கடலுக்குப் போய்த்தான் தம்பியைப் படிக்க வைத்தார். அந்த அண்ணனை 2004-இல் அலை கொண்டுபோயிற்று. அடுத்த வருஷம் இவர் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார், கடலைப் பற்றி, அண்ணனைப் பற்றி. ஆபீஸ் முடிந்து வந்து எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். ஐந்து வருஷம். "சிதம்பரத்து ஐயா ஒரு வரி எழுதுனா போதும். திட்டியாவது எழுதட்டும்" என்பார். திட்டினால் தாங்குகிற ஆளா இவர்? ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று நான் சொன்னால்கூட, தான் வாங்கி வந்த உப்பைத்தான் குறை சொல்கிறேன் என்று முகம் வாடிப்போகிற மனுஷன்.

அந்த நாவலில் ஒன்று இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் அப்போது அதே ஊரில், கடலிலிருந்து தள்ளி, ரோட்டை ஒட்டின வாடகை வீட்டில் இருந்தோம். காலை ஆறரை மணிக்கு அண்ணன் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல், வலையில் மீன் அப்படியே கிடக்கிறது, கழற்றி வலையை மடிக்க இன்னொரு ஆள் வேண்டும், தம்பியை அனுப்பு என்றார். தம்பி பாயில் படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே என்னிடம், "நான் ஊட்ல இல்லன்னு சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். வாய் கூசாமல், "நெல்லிக்குப்பம் போயிட்டாரு மாமா, சாயங்காலம்தான் வருவாரு" என்று சேர்த்து வேறு சொன்னேன். அண்ணன் சரிம்மா என்று திரும்பினார். போகிற வழியில் தன் மனைவியிடம், என் ஓரகத்தியிடம், சொல்லிவிட்டுத் தனியாகக் கரைக்குப் போயிருக்கிறார். இரண்டு பேர் இருந்திருந்தால் எட்டு மணிக்குள் வேலை முடிந்திருக்கும். அலை வந்தபோது அவர் வலையோடு உட்கார்ந்திருந்தார்.

கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தபோது என் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தம்பி இல்லியாம், நீ வாசல்ல வந்து சொன்னியாம், அதான் தனியா போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. தம்பி ஊர்ல இருந்திருந்தா உட்டிருக்குமா" என்றாள். நான் அவளோடு சேர்ந்து அழுதேன். அழுகை உண்மைதான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மாவையும் அண்ணியையும் பார்க்கப் போய்விடுவார். நாவல் அச்சுக்குப் போகும் முன் நான் அவரிடம் ஒரு தடவை சொன்னேன்: "மாமா, அந்தக் காலையில நடந்தத எழுதல. அது இல்லாம இந்தப் புஸ்தகத்துல என்னா இருக்கு?" சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அம்மா காதுல அது உழுந்துச்சுன்னா அதோட நான் செத்தேன். இனிமே அந்தப் பேச்ச எடுக்காத." நான் எடுக்கவில்லை. வீட்டில் எடுக்கவில்லை.

புத்தகம் 2010-இல் வந்தது. புனைபெயரில் போட்டார். நான் ஐயாவிடம் வாசிக்கப் போகிறவள் என்பதால் சிபாரிசு என்று ஆகிவிடக் கூடாதாம். யார் புத்தகம் என்று நான் மூச்சு விடக் கூடாதாம். தபாலில்தான் அனுப்பினோம். கவர் மேல் விலாசம் எழுதியவள் நான். ஐந்தாம் நாள் சிதம்பரத்தில் அதே கவரைப் பிரித்தவளும் நான்.

வாசிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் நாள் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள், "இவன் பக்கத்துக்குப் பக்கம் அழுவறான். நமக்கு ஏம்மா அழுக வரமாட்டேங்குது?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை. கட்டுரையின் முதல் வாக்கியம் அப்படித்தான் பிறக்கும், எனக்குத் தெரியும். முந்திரித் தோப்புக்காரருக்கும் இப்படி ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்திருப்பார். வீட்டில் ஒருத்தர் நான் போய் வருகிற ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு, "இன்னிக்கி எந்தப் பக்கம் வரைக்கும் வந்தீங்க, ஐயா மூஞ்சி எப்படி இருந்துச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூஞ்சி நல்லாத்தான் இருந்தது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஐயா, "போதும்மா. அடுத்த தடவ வேற புஸ்தகம் எடுத்துக்குவோம். இவனுக்கு ரெண்டு பக்கம் எழுதுனா போதும்" என்றார். அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பேனாவையே தொட மாட்டார். "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் ஐயா" என்று கெஞ்சி, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்தது, கடல்தாயே ஏன் எங்களைக் கைவிட்டாய் என்று ஆரம்பிக்கிற புலம்பல். என் நாக்கில் சனி உட்கார்ந்தான். புலம்பலை விட்டுவிட்டேன். புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே, அச்சில் இருப்பதை வாசிக்கிற அதே குரலில், அந்தக் காலையைச் சொன்னேன். அண்ணன் வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான். தம்பி பாயில் படுத்திருக்கிறான். "நான் ஊட்ல இல்லன்னு சொல்லு" என்கிறான். அண்ணன் திரும்பிப் போகிறான். அவ்வளவுதான். போய்ச் சொன்னவளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதை வேண்டுமென்று விட்டேனா, தன்னாலே விட்டுப்போனதா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருப்பி வாசி."

திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. நடந்ததைச் சொல்ல மனப்பாடம் எதற்கு?

"எத்தனாம் பக்கம்?"

"நூத்தி நாப்பத்தி மூணு" என்றேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதானே. ஆனால் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "இவன் எழுத்தாளன்மா" என்றார். நான் வாசிக்க வந்ததிலிருந்து யாரைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பேர் போய்ச் சேரும், அதனால் சந்தோஷப்பட்டேன். எனக்காகவும் சந்தோஷப்பட்டேன். அந்த வரி என் வாயிலிருந்து வந்த வரி. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கட்டுரை சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இந்தப் பத்தி வந்தபோது கை நின்றுவிட்டது.

"நாவல் முழுக்க ஆசிரியர் கடலைத் திட்டுகிறார். கடல் எதையும் மறைக்கவில்லை, ஆகவே திட்டு அதன்மேல் ஒட்டவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்தான் நாவலுக்கு உயிர் வருகிறது: 'நான் ஊட்ல இல்லன்னு சொல்லு.' இப்படிச் சொல்லச் சொன்னவனை ஆசிரியர் காட்டிவிட்டார். போய்ச் சொன்னது யார்? அந்த ஆளைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த ஆள் வெளியே வராதவரை இது பாதி நாவல்தான்."

"எழுதிட்டியாம்மா?" என்றார் ஐயா.

"எழுதிட்டேன் ஐயா."

கண் தெரியாத மனிதர்தான். ஆனால் அவர் முகம் என் பக்கமே திரும்பியிருந்தது.

கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து புத்தகமாக வரப்போகின்றன, அதுவரை எதையும் வெளியே காட்டக் கூடாது என்பது ஐயா கட்டளை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. வீட்டில், "நல்லா எழுதியிருக்காரு" என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் கைநழுவிப் போய்விடும் என்று பயந்தார் போலிருக்கிறது. அன்று அல்வா வாங்கி வந்தார். கடையில் அந்தக் கட்டுரையை அடித்தது நான். புரூஃப் பார்த்தது நான். அந்தப் பத்தியை அழிக்க ஒரு விசை போதும். ஆனால் ஐயாவுக்குத் தன் கட்டுரை ஒவ்வொன்றும் மனப்பாடம். அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முதல் தடவை வீட்டு ஆட்கள் காபியோடு வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. நான்தான் பேச்சை மாற்றி, வெயிலைப் பற்றிச் சொன்னேன்.

2011 கடைசியில் அந்தப் புயல் வந்தது. தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து, ஊர் இருண்டு கிடந்தது. கூட்டம் தள்ளிப்போகும், புத்தகம் தள்ளிப்போகும் என்று நம்பினேன். ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது நான் அப்படி நினைத்தேன், என் புத்தி அப்போது அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஒரு மாதம்தான் தள்ளிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா. உள்ளூர் எழுத்தாளர் என்று என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் புனைபெயர் அச்சாகியிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் மனசு தாங்காது. "அம்மாவையும் அண்ணியையும் கூட்டிட்டு வரப்போறேன்" என்றார்.

"எதுக்கு மாமா, அவுங்களுக்கு என்னா புரியும்?"

"அண்ணனப் பத்தி எழுதுனதுக்கு மரியாத நடக்குது. அவுங்க பாக்க வேணாமா?"

முன்வரிசையில் உட்கார வைத்தார். என் மாமியார் பட்டுப் புடவை கட்டியிருந்தார். ஓரகத்தி அவர் பக்கத்தில். நான் மேடையில், ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலியில், ஐயாவின் வாயாக உட்கார்ந்திருந்தேன். வாசிப்பதற்கு வேறு ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அடையாளம் வைத்திருந்தேன். நான் மைக்கைப் பிடித்ததும் ஐயா, "உள்ளூர்ப் புள்ள எழுதுன நாவல் இருக்கே, அந்தக் கட்டுரைய வாசி" என்றார். முன்வரிசையில் என் மாமியார் கை தட்டினார்.

அந்த வருஷம் கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது போகட்டும், இப்போது போகட்டும் என்று வேண்டிக்கொண்டே வாசித்தேன். அன்றைக்கென்று போகவே இல்லை. என் வீட்டுக்காரர் கையில் ஒரு பிரதி இருந்தது. அவர் என்னோடு கூடவே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பத்திக்கு நான் வருவதற்கு முன்பே அவர் விரல் அங்கே வந்து நின்றுவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவர் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன்.

"ஒரு பத்தி உட்டுட்டியேம்மா" என்றார் ஐயா. மைக்கில் விழுந்தது.

வாசித்தேன். பக்க எண்ணோடு வாசித்தேன். போய்ச் சொன்னது யார் என்ற கேள்வியையும் வாசித்தேன். கடைசிவரை வாசித்து முடித்தேன். கை தட்டினார்கள்.

பிறகு என் வீட்டுக்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சட்டைப் பையில் நன்றியுரை எழுதின தாள் இருந்தது. நான்தான் மடித்து வைத்திருந்தேன். அவர் அதை எடுக்கவில்லை. மைக் முன்னால் போய் நின்றார். அந்த வரி என்னுடையது இல்லை, அந்தப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் ஐயாவின் பேர் போகும், என் வேலை போகும், ஆனால் அவர் தப்பித்துவிடுவார். சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"ஐயா எழுதியிருக்கற அந்த வரி கத இல்லீங்க" என்றார். "எங்க அண்ணன் வந்து கூப்புட்டது நெசம். அம்மா, நான் அன்னிக்கி ஊட்லதான் இருந்தேன்."

ஐயா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"போய்ச் சொன்னது யாருன்னு ஐயா கேட்டிருக்காரு. யாரும் போயிச் சொல்லல. என் ஊட்டுக்காரி அன்னிக்கி ஊர்லயே இல்ல, மேல்பட்டாம்பாக்கத்துல அவ அம்மா ஊட்ல இருந்தா. நான் மட்டும்தான் இருந்தேன். அண்ணன் கூப்புடக் கூப்புட, கேட்டுக்கிட்டே பேசாம படுத்துக் கெடந்தேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. மேடையை விட்டு இறங்கினார். என் மாமியார் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார். அம்மா அம்மா என்று கூப்பிடுவது வெளியிலிருந்து கேட்டது. ஐயா என் கை இருந்த பக்கம் தடவி, "என்னம்மா நடக்குது?" என்றார். மைக் என் முன்னால்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். என் ஓரகத்தி மட்டும் முன்வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் மேடைப் படியில் இறங்கியபோது எழுந்து எதிரில் வந்து நின்றாள். அழவில்லை. என் முகத்தை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல, நிதானமாகப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கி ஊர்லயே இல்லியாமே" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.